பறக்காத சாணவண்டு: கோத்தகிரியில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

அண்ணா, இறக்கை இல்லாத சாணி வண்டு நம்ம மலையில இருக்காமே, நெஜமா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. ஓகிகாந்தான் என்ற பேரினம். ஆள் சில மில்லிமீட்டர்தான். உயரமான ஈரக்காடுகளில் வாழும் சில இனங்கள் பறப்பதை விட்டுவிட்டன.

பார்த்தவுடன் எப்படித் தெரியும் சார்?

தோளைப் பாருங்கள். பறக்கும் வண்டுக்கு, முதுகை மூடும் கெட்டியான மேலோட்டின் மேல்முனையில் சின்னப் புடைப்பு இருக்கும். பறக்காததற்கு அது வழுவழுவென்று சரிந்துவிடும். பலவற்றில் இரண்டு ஓடுகளும் நடுவில் ஒட்டியே போயிருக்கும். தோளை வைத்துச் சந்தேகப்படலாம், தீர்ப்பு சொல்லக் கூடாது.

இறக்கை போனால் நஷ்டம்தானே?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். இறக்கையும் அதை அசைக்கும் தசையும் தீனி கேட்கும். நின்ற இடத்திலேயே சாணமும் ஈரமும் கிடைத்தால், அந்தச் செலவை முட்டைக்குத் திருப்பலாம். அட்லாண்டிக் கடலின் மடீரா தீவில் அறியப்பட்ட 550 வண்டினங்களில் 200 பறக்க முடியாதவை என்று டார்வின் எழுதினார்; பறந்தவை காற்றில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்பது அவர் ஊகம். தேயிலை சூழ்ந்த சோலையும், அதாவது மலையுச்சி ஈரக்காடும், ஒரு தீவுதான்.

தோண்டுவதற்கு என்ன வசதி?

முன்கால் அகலமாக, பல் பல்லாக இருக்கும். தலையின் முன்விளிம்பு மண்வெட்டி மாதிரி. இறக்கை விஷயத்துக்குத் திரும்பினால், தென்னாப்பிரிக்காவின் அட்டோ யானைப் பூங்காவில் சர்சீலியம் என்றொரு பெரிய சாணவண்டு. அதற்கும் ஓடு ஒட்டியது, இறக்கை இல்லை. ஓட்டுக்கடியில் காற்றறை வைத்திருக்கிறது. ஓய்வில் கரியமில வாயுவைப் பெரும்பாலும் முன்பக்கத்து வலது மூச்சுத்துளை ஒன்றின் வழியே விடுகிறது, நீரிழப்பைக் குறைக்கத்தான் என்கிறார்கள். வறண்ட புதர்க்காட்டுக்கு அது பொருந்தும். நம் சோலையில் தண்ணீர்க் கவலை கிடையாது, ஆனாலும் இறக்கை போயிருக்கிறது. ஆகவே வறட்சி ஒன்றையே காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி அடுத்த சோலைக்குப் போகுமா?

நடந்துதான் போக வேண்டும். வெயில், மருந்து, தார் ரோடு எல்லாம் நடுவில். 1840களில் இங்கே வந்த தைல மரமும், பின்னால் பரவிய சீகை (வாட்டில்) மரமும் பார்க்கப் பச்சைதான். சோலைத் தரையின் மக்கும் ஈரம் அங்கே இல்லை. சோலை துண்டானால் பறவை பறந்துவிடும், இதற்கு அந்த வழி கிடையாது.

மாமா, பொன்வண்டு மாதிரி தீப்பெட்டியில வளர்க்கலாமா?

வேண்டாம் கண்ணு. பொன்வண்டு கொடுக்காப்புளி இலை தின்னும். இதற்கு ஈரமண்ணும் புதுச் சாணமும் வேண்டும். பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடு.