ஷியா ஜி என்ன செய்தாள்?

அன்புள்ள சார்,

பழைய சீன அறிஞர் லியூ ஷியாங் தொகுத்த பெண்களின் வரலாறுகளைப் படித்தேன். லியாங் நாட்டு விதவையை அரசன் பெண் கேட்கிறான். அவள் கண்ணாடியைப் பார்த்துத் தன் மூக்கையே அறுத்துக்கொள்கிறாள். கற்பை இதைவிட உயர்வாக யார் சொல்ல முடியும்? பழைய சீனப் பெண்களுக்கு ஆசையே கிடையாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஏன் கிடையாது? பழைய சீனப் பாடல் தொகுப்பான ஷிஜிங்கின் 305 பாடல்களைப் படியுங்கள். சுவரேறி வராதே, மரத்தை முறிக்காதே, மரத்துக்காகச் சொல்லவில்லை, அப்பா அம்மாவுக்குப் பயந்து சொல்கிறேன் என்று ஒருத்தி காதலனிடம் கெஞ்சுகிறாள். உரைகாரர்கள் அதையும் அரசியல் பாட்டாக்கினார்கள். அது தனிக்கதை.

மூக்கறுத்ததை உயர்வு என்கிறீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் சொல்வதைக் கவனித்தீர்களா? பிள்ளைகளை அநாதையாக்க மனமில்லாமல்தான் சாகவில்லை, அரசர் கேட்டது என் அழகை, இனி விட்டுவிடலாம் என்கிறாள். தப்பிக்க வேறு வழியில்லாதவளின் பேச்சு இது. இதையா கொண்டாடுவது?

சில நாட்களாக ஷியா ஜியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதே நூலின் ஏழாம் பகுதியில், கெட்ட பெண்கள் வரிசையில் இருக்கிறாள். அவள் கதை ஸுவோ ஜுவான் என்ற பழைய சீன வரலாற்று நூலிலும் உண்டு. கி.மு. 600-இல் அவளோடு உறவு வைத்திருந்த சென் நாட்டு அரசன் லிங்கும் இரண்டு அமைச்சர்களும் அவளுடைய உள்ளாடையை அணிந்து அரசவையிலேயே கேலி பேசினார்கள். கண்டித்த ஷியே யே கொல்லப்பட்டான். மறுவருடம், அவள் மகன் உன் சாயல் என்று அரசனும், இல்லை உங்கள் சாயல் என்று அமைச்சனும் அவள் வீட்டிலேயே குடித்துவிட்டுச் சிரித்தார்கள். மகன் அரசனை அம்பெய்து கொன்றான். அப்புறம் சூ நாட்டுப் படை வந்தது, மகனும் செத்தான். சூ அரசன் அவளை எடுத்துக்கொள்ள நினைத்தபோது, அது காமம், காமத்துக்குப் பெரிய தண்டனை உண்டு என்று அவனுடைய அதிகாரி வூசென் தடுத்தான். இன்னொருவன் கேட்டபோது அவள் அபசகுனம் என்றான். கடைசியில் அவனே அவளோடு வேறு நாட்டுக்கு ஓடிப்போனான்!

இத்தனைக்கும் பழி அவள்மேல். கணவர்களையும் அரசனையும் மகனையும் கொன்றவள், ஒரு நாட்டை அழித்தவள் என்று பிற்பாடு ஒரு கிழவி பட்டியல் போடுகிறாள். லியூ ஷியாங்கும் அதே கணக்கைத்தான் எழுதுகிறார்.

நீங்கள் நல்ல வாசகர், அதனால்தான் இவ்வளவு கோபம். ஏழாம் பகுதியை மறுபடி எடுங்கள். எந்தச் செயலை யார் செய்தார் என்று ஓரத்தில் பென்சிலால் பெயரெழுதிக்கொண்டே படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.