சிவப்பு அலகு இரண்டுக்கும்தான், வாலைப் பாருங்கள்

கேள்வி: உகாண்டாவில் வேலை பார்க்கிறேன். புல்வெளியில் சிவப்பு அலகும் கண் வழியாகச் சிவப்புப் பட்டையும் உள்ள குட்டிப் பறவைகளைப் படம் எடுத்தேன். காமன் வேக்ஸ்பில் (Common Waxbill) இனமா, பிளாக் ரம்ப்ட் வேக்ஸ்பில் (Black-rumped Waxbill) இனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முகத்தை மறந்துவிடுங்கள். அலகு, கண்பட்டை, வயிற்றுச் சிவப்பு எல்லாமே இரண்டுக்கும் பொது. நம் புள்ளிச் சில்லையின் குடும்பம்தான். புல் தண்டில் தொங்கியபடி விதை கொறிக்கும். அப்போது கீழிருந்து ஒரு படம் எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் படத்தில் வாலுக்கு அடியில் உள்ள இறகுகளைப் பாருங்கள். கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் காமன். வெளுத்திருந்தால் பிளாக் ரம்ப்ட். வாலும் உதவும்: காமனுக்குப் பழுப்பு வால், அதில் மெல்லிய குறுக்குக் கோடுகள், மற்றதற்குக் கருத்த வால், ஓர இறகுகளில் வெள்ளை விளிம்பு. காமனின் முதுகிலும் விலாவிலும் நெருக்கமான குறுக்கு வரிகள் தெளிவாகத் தெரியும். பிளாக் ரம்ப்டிலும் வரிகள் உண்டு, ஆனால் சற்றுத் தள்ளி நின்றால் உடம்பு வெறும் சாம்பல் பழுப்பாகத்தான் தோன்றும்.

பிளாக் ரம்ப்ட் என்ற பெயரிலேயே இருக்கும் கருப்புப் பிட்டத்தைத்தான் (வாலுக்குச் சற்று மேலே உள்ள முதுகுப் பகுதி) பலரும் முதலில் தேடுகிறார்கள். உட்கார்ந்த பறவையில் மடித்த இறக்கை அதை மூடிவிடும். எதிர்வெளிச்சத்தில் காமனின் பழுப்புப் பிட்டமும் கருப்பாகத் தெரியும். பறந்து விலகும்போது, வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும் அதை நம்பலாம்.

குஞ்சுப் பருவம் தாண்டாதவை இன்னொரு தொல்லை. இரண்டிலும் அலகு கருப்பு. காமனின் இளம் பறவைக்கு வரிகள் மங்கல் என்பதால் பிளாக் ரம்ப்ட் என்று ஏமாற்றும். கூட்டத்தில் வளர்ந்த பறவை ஒன்று இருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அலகு கருத்து, கண்பட்டையும் பிட்டமும் சிவந்திருந்தால் அது மூன்றாவது இனம்: கிரிம்சன் ரம்ப்ட் வேக்ஸ்பில். உகாண்டாவில் அதுவும் உண்டு.

இடமும் பேசும். பிளாக் ரம்ப்ட் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட புல்வெளிப் பட்டையின் பறவை. உகாண்டாவில் வடமேற்கை ஒட்டித்தான் எதிர்பார்க்கலாம். விக்டோரியா ஏரிக்கரைச் சதுப்பில் எடுத்த படம் என்றால் காமன் என்றே தொடங்குங்கள். படத்தில் வாலே இல்லையென்றால், இனம் குறிப்பிடாமல் 'வேக்ஸ்பில்' என்று மட்டும் பதியுங்கள்.