வெள்ளைக்கார மருமகளுக்கு ஆரத்தி எடுத்தோம், இவருக்கு மட்டும் ஏன் மனசு வரவில்லை?

வணக்கம் மேடம். எனக்கு 56 வயது, பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஒரே மகள், அட்லாண்டாவில் வேலை, 31 வயது. எத்தனையோ ஜாதகம் பார்த்தோம், ஒன்றும் அமையவில்லை. போன மாதம் போனில், கூட வேலை பார்க்கிற ஒருவரை இரண்டு வருடமாகப் பழக்கம், அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். போட்டோ அனுப்பினாள். கருப்பின அமெரிக்கர். அதைப் பார்த்துவிட்டு எழுந்து போன அவள் அப்பா இன்றுவரை மகளோடு பேசவில்லை.

என் அண்ணன் மகன் நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினான். அப்போது நான்தான் முன்னால் நின்று ஆரத்தி எடுத்தேன், பட்டுப்புடவை கட்டி அவளை நடுவில் நிறுத்தி எடுத்த போட்டோ இன்னும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. மகள் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அது வேற, இது வேற என்றுதான் வாயில் வருகிறது. ஏன் வேற என்று கேட்டால் பதில் இல்லை.

பையன் நல்ல மாதிரிதான் தெரிகிறார், வீடியோ காலில் வணக்கம் சொன்னார். ஆனால் பிறக்கப்போகிற பிள்ளைகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நானே கருப்பு மேடம். என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கஷ்டம் என் பேரப்பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைப்பது தப்பா? சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வேன்? அவருடைய அம்மாகூட, உங்கள் வீட்டில் என் மகனை உட்கார வைத்துச் சோறு போடுவார்களா என்று மகளிடம் கேட்டாராம்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கலாச்சாரம், சாப்பாடு, மதம் என்று நீங்கள் சுற்றி வளைக்காதது நல்லதாயிற்று. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மட்டும் நம் கலாச்சாரம் என்ன தெரிந்திருந்தது? நிறம்தான் விஷயம். உங்களை வேண்டாமென்று போன மூன்று வீட்டார் எந்தக் கண்ணால் உங்களைப் பார்த்தார்களோ, அதே கண்ணால் இப்போது ஒரு போட்டோவைப் பார்க்கிறீர்கள். படிக்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். அன்றைக்கு உங்களைக் குத்தியது உங்கள் தோலா, உங்கள் வீட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு அதைச் சொன்ன வாயா? பேரப்பிள்ளையிடம் அப்படி ஒரு வாய் முதலில் எங்கே திறக்கும் என்று யோசியுங்கள், பெரும்பாலும் நம் வீட்டு ஹாலில்தான்.

அமெரிக்காவில் எல்லாம் சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளையர் வேறு இனத்தாரை மணக்கச் சட்டப்படி தடை இருந்தது, 1967-ல் லவிங் என்ற கலப்புமணத் தம்பதியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அது செல்லாமல் போனது. இதில் வேடிக்கை, அங்கே 1927-ல் போட்ட சட்டம் இந்திய ரத்தம் உள்ளவர்களையும் கருப்பினத்தவரோடு ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. அந்தச் சட்டம் இன்றும் இருந்தால் உங்கள் அண்ணன் மகன் கல்யாணம்தான் அங்கே செல்லாது, உங்கள் மகளுடையதற்குத் தடையே இல்லை!

காலப் (Gallup) என்ற நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில் கருப்பர் வெள்ளையர் திருமணத்தை ஏற்றுக்கொண்டவர்கள் 1958-ல் 4 சதவீதம், 2021-ல் 94 சதவீதம். ஒரு நாட்டுக்கே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது, உங்கள் கணவருக்கு ஒரு மாதம்தானே ஆகிறது. அவரை விரட்டாதீர்கள், ஆனால் அவர் மௌனத்துக்குப் பின்னால் நீங்களும் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

சொந்தக்காரர்களுக்கு விளக்கமெல்லாம் எதற்கு? மகளுக்குக் கல்யாணம், இன்ன தேதி, வந்துவிடுங்கள். அவ்வளவுதான். கமலா ஹாரிஸ் 2020-ல் அமெரிக்கத் துணை அதிபராக ஜெயித்தபோது அவர் அம்மா வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிக் கோயிலில் பூஜை போட்டார்களே, அவர் அப்பா ஜமைக்காவில் பிறந்த கருப்பினத்தவர்தான்.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. உங்களைப் போலவே ஒரு அம்மா அங்கே தூக்கமில்லாமல் இருக்கிறார், அவர் பயப்படுவது உங்களைப் பார்த்து. மகளை லைனில் வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள். இங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் கோடையில் அங்கே காலை ஒன்பதரை. அவர் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள், சமைக்க வேண்டுமே.