அறிக்கையில் 'ஏ.டி.ஆர்.எக்ஸ். இல்லை' என்று வந்தால்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. தொடையில் இருந்த கட்டியில் பயாப்ஸி எடுத்ததில் 'லியோமயோசார்கோமா' என்று வந்திருக்கிறது. கடைசி வரியில் 'ஏ.டி.ஆர்.எக்ஸ். புரதம் காணப்படவில்லை' என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் டெலோமியர், டெலோமெரேஸ் தடுப்பு மருந்து என்றெல்லாம் வருகிறது. அந்த மருந்தை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுத்தாலும் பலன் இருக்கும் என்று தோன்றவில்லை. காரணம் நீங்கள் குறிப்பிட்ட அதே கடைசி வரியில் இருக்கிறது.

மரபுப் பொருளைச் சுமக்கும் குரோமோசோம்களின் இரு முனைகளிலும் ஒரே டி.என்.ஏ. எழுத்துவரிசை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். அதுதான் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இது கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். ஓயாமல் பெருக வேண்டிய புற்றுநோய் செல்லுக்கு இது பெரிய தடை. பத்தில் எட்டு, ஒன்பது புற்றுநோய்கள் டெலோமெரேஸ் என்ற நொதியை மறுபடி உயிர்ப்பித்துத் தேய்ந்ததை நீட்டிக்கொள்கின்றன. அந்த நொதியைக் கண்டறிந்த பணி 2009-இல் நோபல் பரிசு பெற்றது.

அம்மாவுக்கு வந்திருக்கும் லியோமயோசார்கோமா, மென்தசையில் தோன்றும் ஒரு வகைச் சார்கோமா. சார்கோமாக்களில் கதை வேறு. தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் இந்தக் கட்டிகளில் கணிசமானவை டெலோமெரேஸ் இல்லாமலே சமாளிக்கின்றன. பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுவதுபோல, ஒரு குரோமோசோமின் முனை இன்னொன்றின் முனையைப் பார்த்துத் தன்னை நீட்டிக்கொள்ளும். 'ஏ.எல்.டி.' என்பார்கள், மாற்று வழி என்று பொருள். இந்தக் குறுக்குவழியை அடக்கி வைக்கும் புரதங்களில் ஒன்றுதான் ஏ.டி.ஆர்.எக்ஸ். அது இல்லையென்றால் கட்டி மாற்று வழியில் போகிறது என்று ஊகிக்கலாம். லியோமயோசார்கோமாவில் இது சகஜம். எல்லாச் சார்கோமாவும் இப்படியல்ல. கொழுப்புத் திசுவில் வரும் மிக்ஸாய்டு லைப்போசார்கோமா பெரும்பாலும் டெலோமெரேஸைத்தான் நம்பியிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். 2024-இல் அமெரிக்காவில் இமெடெல்ஸ்டாட் என்ற டெலோமெரேஸ் தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்ற எலும்பு மஜ்ஜைக் கோளாறில் வரும் ரத்தசோகைக்கு. டெலோமெரேஸே இல்லாத கட்டியில் அது எதைத் தடுக்கும்? ஏ.எல்.டி.யைக் குறிவைக்கும் மருந்துகள் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கின்றன. (டெலோமியரை வளர்ப்பதாக விற்கும் மாத்திரைகளும் தேடலில் கண்ணில் பட்டிருக்கும். அதை வாங்கவே வேண்டாம்.)

ஏ.எல்.டி. இருக்கும் லியோமயோசார்கோமா கொஞ்சம் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். அம்மாவின் விஷயத்தில் கட்டியின் கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்ற தரநிலை), அளவு, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, முழுசாக எடுக்க முடியுமா என்பவைதான் அதிகம் பேசும். பரவியிருக்கவில்லை என்றால் சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து அகற்றுவதுதான் முதன்மையான சிகிச்சை. தேவைப்பட்டால் கதிர்வீச்சு, சிலருக்கு டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ. இந்தக் கட்டி ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போகக்கூடியது. அதனால் நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

அறுவை சிகிச்சையை அவசரப்பட்டு எங்கேயாவது செய்துவிடாதீர்கள். சார்கோமா பார்த்துப் பழகிய புற்றுநோய் மையத்துக்கு முதலில் போங்கள். போகும்போது பயாப்ஸி ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் கையோடு வாங்கிச் செல்லுங்கள். இன்னும் சோதனை தேவைப்பட்டால், பெரும்பாலும் அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்தாமல் அதிலேயே பார்த்துவிடலாம்.