பீடி தொடாத அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: கீமோவுக்கு முன் கேட்க வேண்டியது

கேள்வி: எங்களுக்கு உசிலம்பட்டி. அம்மாவுக்கு 54 வயது. பீடி, புகையிலை பழக்கமே கிடையாது. மூன்று மாதமாக இருமல். சளியில் கிருமி தெரியாமலே டி.பி. மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. நெஞ்சில் ஊசி போட்டு எடுத்த சதையில் 'அடினோகார்சினோமா' என்று வந்திருக்கிறது. பீடி குடிக்கும் அப்பா நன்றாக இருக்கிறார். இது எப்படி? உடனே கீமோ தொடங்கலாமா?

பதில்: நுரையீரல் புற்றுநோயில் பல வகை உண்டு. பீடி, சிகரெட்டோடு மிக நெருங்கியவை ஸ்குவாமஸ், ஸ்மால் செல். பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு, பெரிய மூச்சுக்குழாயை ஒட்டி வரும். சளியில் ரத்தம் காட்டிக்கொடுக்கும். அடினோகார்சினோமா நுரையீரலின் ஓரத்தில் வளர்வதால் வெகுநாள் வெளியே தெரியாது. புகைப்பவர்களுக்கும் வரும்தான். ஆனால் புகைக்காத பெண்களுக்கும் இளவயதினருக்கும் வருவது பெரும்பாலும் இதுதான். விறகடுப்புப் புகையும் அடுத்தவர் விடும் பீடிப் புகையும் ஆபத்தைக் கூட்டும். ஆனாலும் ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. அப்பாவைக் குற்றம் சொல்ல வேண்டாம், பீடியை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மூச்சுத்திணறல் மாதிரி அவசரம் இல்லையென்றால், கீமோவுக்கு முன், கட்டியை வளரவைக்கும் மாற்றம் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணுக்களில் இருக்கிறதா என்று பரிசோதனை செய்தாக வேண்டும். வெள்ளையர்களின் அடினோகார்சினோமாவில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் சுமார் 10–15 சதவீதம். சீனா, ஜப்பான் பக்கம் ஏறக்குறைய பாதி. நம் நாட்டில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. புகைக்காத பெண் என்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல். மாற்றம் இருந்தால், நோய் பரவிய நிலையிலும் தினம் ஒரு மாத்திரை, கீமோவைவிட நீண்ட நாள் நோயைக் கட்டுக்குள் வைக்கும். இந்த மாற்றம் கட்டியில் உண்டானது. பொதுவாகப் பிள்ளைகளுக்கு வருவதில்லை.

இங்கே அடிக்கடி தவறுவது சதை போதாமல் போவதுதான். ஊசியில் வருவது நூல் துண்டு மாதிரி மெல்லிய சதை. அதை மெழுகில் பதித்து 'பிளாக்' ஆக்குவார்கள். வகை பார்க்கவே அறுத்துத் தீர்த்துவிட்டால் மரபணு பார்க்க மிச்சமிருக்காது. திரும்பவும் ஊசி போட வேண்டிவரும். அதனால் லேபில் எழுதிக் கொடுத்து பிளாக், சதையை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு இரண்டையும் வாங்குங்கள். பெரியாஸ்பத்திரியில் காட்டினாலும் வெளியூர் போனாலும் கையோடு கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். சதை போதவில்லையென்றால் ரத்தத்திலும் பார்க்கலாம்; ஆனால் அதில் 'இல்லை' என்று வந்தால் நம்பிவிட முடியாது.

மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி மட்டும் வேண்டாம். அதைப் போட்ட பிறகு, இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்குத் தரும் ஓசிமெர்டினிப் மாத்திரையைக் கொடுத்தால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரக்கூடும்.