தகுதி பார்ப்பது யார் வேலை?

தேவ அழைத்தல் (கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாகவோ துறவியாகவோ வாழக் கடவுள் அழைப்பது) பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: 'அழைப்பு இருப்பது போலிருக்கிறது, ஆனால் நான் அதற்கு லாயக்கில்லை.' பெயர்களை நீக்கிவிட்டுச் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: எனக்கு 24 வயது, வேலையில் இருக்கிறேன். குருவாக வேண்டும் என்ற எண்ணம் சில ஆண்டுகளாக விடாமல் வருகிறது. ஆனால் கல்லூரிக் காலத்தில் நான் எப்படி வாழ்ந்தேன் என்பது எனக்குத் தெரியும். பலிபீடத்தில் நிற்கும் தகுதி எனக்கில்லை. இந்த ஆசையை விட்டுவிடுவதுதானே நேர்மை?

நேர்மை போலத் தெரியும். ஆனால் உங்களிடம் ஒப்படைக்கப்படாத ஒரு வேலையை நீங்கள் எடுத்துச் செய்கிறீர்கள்.

குருப்பட்டம் வழங்கும் திருப்பலியில் ஓர் இடத்தைக் கவனியுங்கள். பெயர் சொல்லி அழைத்ததும் பட்டம் பெறுபவர் முன்னே வந்து நிற்பார். 'இவர் தகுதியுடையவர் என்று அறிவீரா?' என்று ஆயர் (பிஷப்) கேட்பார். கேட்பது அவரிடம் அல்ல, அவரை முன்னிறுத்தும் குருவிடம். இறைமக்களிடம் விசாரித்தும் பொறுப்பாளர்களின் பரிந்துரையைக் கேட்டும் தகுதியுடையவராகக் கண்டோம் என்று அந்தக் குரு சான்று சொல்வார். பட்டம் பெறுபவர் அந்த நேரம் முழுக்கப் பேசாமல் நிற்பார். அவருக்கான கேள்விகள் பிறகுதான் வரும். அவையும் 'செய்ய விரும்புகிறீரா?' என்ற கேள்விகளே. அவற்றில் கடைசிக் கேள்விக்கு அவர் 'கடவுளின் துணையோடு' என்று சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆக, உங்கள் பங்கு மூன்று: உண்மையைச் சொல்வது, அடுத்த அடியை வைப்பது, யாருடைய வற்புறுத்தலுக்கும் பணியாமல் இருப்பது. தீர்ப்பு உங்களுடையது அல்ல.

விவிலியத்திலும் இதே முறைதான். 'ஆண்டவரே, நான் பாவி, நீர் என்னைவிட்டுப் போய்விடும்' என்று பேதுரு காலில் விழுந்தபோது, 'நீ பாவி அல்ல' என்று இயேசு சமாதானம் சொல்லவில்லை. அவர் கேட்டபடி விலகிப் போகவும் இல்லை. அஞ்சாதே என்று சொல்லி வேலையைக் கொடுத்தார் (லூக்கா 5). மோசே கதையில் இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. அவர் ஐந்து தடவை தட்டிக்கழிக்கிறார். 'நான் யார்', 'உம் பெயர் என்ன', 'நம்பமாட்டார்களே', 'எனக்கு நாவன்மை இல்லையே' என்ற நான்குக்கும் கடவுள் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஐந்தாவதாக 'வேறு யாரையாவது அனுப்பும்' என்றபோதுதான் சினம் வருகிறது (விடுதலைப் பயணம் 3–4). குறையைச் சொன்னதற்குச் சினமில்லை. குறையைச் சாக்காக்கிக் கழன்றுகொள்ளப் பார்த்ததற்குத்தான்.

புனித அகுஸ்தினாரை 391இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர மக்கள் பிடித்து ஆயர் முன் நிறுத்தியபோது அவர் அழுதார். பட்டம் பெற்றபின் ஆயர் வலேரியுசிடம், மறைநூலைப் படிக்க உயிர்ப்புப் பெருவிழா வரை அவகாசம் கேட்டார். தன்னிடம் இல்லாதது எது என்று பார்த்து, அதற்குக் காலம் கேட்டார். நீங்கள் பின்பற்ற வேண்டியது இந்த வழியைத்தான்.

அதற்காக, தகுதியில்லை என்ற எண்ணம் வந்தாலே அதைத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லவில்லை. மனத்தில் இருப்பதைத் தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். முடிந்துபோனவை, இன்னும் தொடர்பவை, குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமில்லாமல் வெறும் பாரமாக இருப்பவை. முடிந்தவற்றுக்கு வாழ்நாள் முழுமைக்குமான ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யலாம். கட்டாயமில்லை, ஆனால் இந்தக் கட்டத்தில் நல்லது. ஞாயிறு பூசைக்கு முன்பு வரிசையில் நின்று அதைச் செய்யாதீர்கள். குருவிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குங்கள். வெறும் பாரத்தை ஆன்மிக வழிகாட்டியான ஆன்மகுருவிடம் கொண்டுபோங்கள், மாதம் ஒருமுறை, ஆள் மாற்றாமல்.

தொடர்பவைதான் நிஜமான பிரச்சினை. ஆபாசப் படமோ குடியோ பிடித்து வைத்திருந்தால், குருமடத்தில் (குருக்களுக்கான பயிற்சி இல்லம்) சேர்ந்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். அங்குள்ள கால அட்டவணை அதை அடக்கிவைக்கும், அவ்வளவுதான். பயிற்சி முடிந்து ஒரு பங்குக் கோவிலில் தனியாக இருக்கும் முதல் ஆண்டிலேயே அது திரும்பி வரக்கூடும். எத்தனை மாதம் விலகி இருந்திருக்க வேண்டும் என்று திருச்சபையின் பொதுச்சட்டம் எண் எதையும் குறிக்கவில்லை. ஆனால் வாக்குறுதியைவிடக் கடந்துவந்த காலத்தையே பயிற்சி தரும் உருவாக்குநர்கள் பார்ப்பார்கள். சிறுவர் சிறுமியரிடம் தவறாக நடந்ததுண்டு என்றால் பேச்சே வேறு. அதை 'தகுதியில்லை என்ற உணர்வு' என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். இந்தப் பாதை அத்துடன் முடிந்தது.

இன்னொன்று, சேர்வதும் பட்டம் பெறுவதும் ஒன்றல்ல. தொடக்க நிலைப் பயிற்சி ஓராண்டுக்குக் குறையாமல், மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு ஆண்டுகள், முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் இடையே குறைந்தது ஆறு மாதம். 25 வயது நிறைவதற்கு முன் குருப்பட்டம் இல்லை. உங்களைச் சோதித்துப் பார்க்கத் திருச்சபைக்கு வேண்டிய காலம் இருக்கிறது. புதியவர்களைச் சேர்க்கும் பொறுப்பில் உள்ள அழைத்தல் ஊக்குநருக்கு நீங்கள் எழுத வேண்டிய கடிதம் அரைப் பக்கம்தான்.

கேள்வி: ஒரே பழைய பாவத்தை ஐந்தாறு குருக்களிடம் அறிக்கையிட்டுவிட்டேன். சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படிப்பட்டவளுக்கு அழைத்தல் இருக்குமா?

திருச்சபைச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: திருமுழுக்குக்குப் பின் செய்த, இன்னும் தனி அறிக்கையில் சொல்லாத கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும். உண்மையாகவே மறந்துபோனது மன்னிக்கப்பட்டதே. பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லலாம். ஏற்கெனவே சொன்னதை மறுபடி சொல்ல எந்தக் கடமையும் இல்லை.

புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இதே சுழலில் மாட்டினார். எழுதிவைத்து அறிக்கையிட்டும் நிம்மதி வரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே வெளியே வந்தார். நீங்களும் ஒரே குருவை வைத்துக்கொள்ளுங்கள். 'இதைப் பற்றி இனி பேசாதீர்கள்' என்று அவர் சொன்னால், சந்தேகம் குடைந்தாலும் பேசாதீர்கள். ஒவ்வொரு முறை மறுபடி சொல்லும்போதும் அரை நாள் நிம்மதி கிடைக்கும், பின்பு அரிப்பு இன்னும் கூடும். கதவைப் பூட்டினேனா, கை சுத்தமா என்று மற்ற விஷயங்களிலும் இதே மாதிரி இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அழைத்தல் பற்றிய முடிவைத் தள்ளிவையுங்கள். மனம் கலங்கிக் கிடக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரே வகுத்த விதி.

கேள்வி: 27 வயதுப் பெண் நான். துறவற சபையின் விண்ணப்பப் படிவத்தில் உடல்நல விவரம் கேட்டிருக்கிறார்கள். 19 வயதில் மன அழுத்தத்தால் தற்கொலைக்கு முயன்றேன், இரண்டு ஆண்டுகள் மருந்து எடுத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். படிவத்திலும் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது அங்கேயே முடிந்தது. அதைக் கேட்ட குரு யாரிடமும் வாய் திறக்க முடியாது. ஒருவரைப் பட்டத்துக்கு ஏற்பதா, வெளியேற்றுவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்மகுருவின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்பவரின் கருத்தையோ கேட்கவே கூடாது என்று குருமடங்களுக்குச் சட்டமே உண்டு. பலர் தடுக்கி விழும் இடம் இது: ஆன்மகுருவிடம் சொல்லியாயிற்று, சபைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சபைக்கு ஒன்றும் தெரியாது.

தற்கொலை முயற்சி சட்டத்தில் வருவது குருத்துவத் திருநிலைப்பாட்டுக்கான (குருப்பட்டம் பெறுவதற்கான) தடைகளில் ஒன்றாக. அங்கும்கூட அது பொதுவாகச் சொந்த ஆயரோ உயர் தலைவரோ விலக்களிக்கக்கூடியதுதான். நோயின் பிடியில் நடந்ததா என்பதையும் பார்ப்பார்கள். துறவறம் புகும் பெண்களுக்கு அப்படியொரு தடை இல்லை. சபைத் தலைவி பார்க்க வேண்டியது வயது, உடல்நலம், பொருத்தமான குணம், போதிய பக்குவம் ஆகிய நான்கு.

படிவத்தில் எழுத வேண்டியது: நோயின் பெயர், காலம், மருந்தின் பெயரும் அளவும், எப்போது யார் சொல்லி நிறுத்தினார்கள், அதன்பின் எப்படி இருக்கிறீர்கள். மருத்துவரின் கடிதம் ஒன்றையும் இணையுங்கள். பாவங்களை எழுத வேண்டாம், அதைக் கேட்கும் உரிமை படிவத்துக்கு இல்லை. உளவியல் சோதனை வைத்தால், அறிக்கையை யார் யார் படிப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் சம்மதமின்றி அது நடக்கக் கூடாது.

மறைத்தால் என்ன ஆகும்? துறவறத்தின் பயிற்சிக் காலமான நவதுறவில் வீட்டுத் தொடர்பு குறையும், மௌனம் கூடும், விடியலில் எழ வேண்டும். அப்போது பழைய அறிகுறி தலைகாட்டினால் பொறுப்புச் சகோதரிக்குக் காரணம் புரியாது. சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ நினைத்துவிடுவார். இன்னும் மருந்து எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 'குணமானவள்' என்று காட்டுவதற்காக அதை நிறுத்தாதீர்கள். எங்களைக் கேட்டால், இந்த விவரங்களை நிதானமாக எழுதித் தர முடிகிற பெண்ணிடம் அந்த நாலாவது தகுதி ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: வயது 38. துறவற சபையில் சேர விருப்பம். கடன் இருக்கிறது. கடன்காரனுக்கு அழைத்தல் உண்டா?

அழைத்தல் இருக்கலாம். ஆனால் தீர்க்க முடியாத கடன் உள்ள ஒருவரை நவதுறவில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். இதில் பாவபுண்ணியப் பேச்சே இல்லை. தவணை அட்டவணையைச் சபையிடம் காட்டுங்கள், அடைத்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: பங்குத்தந்தை என்னை நற்கருணை வழங்கும் பணிக்குக் கேட்கிறார். என் பழைய வாழ்க்கை பங்கில் பலருக்குத் தெரியும். கூசுகிறது.

நற்கருணை வாங்கப் போகுமுன் எல்லோரும் சொல்வது என்ன? 'எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்' என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே எழுந்து வரிசையில் நிற்கிறோம். கூச்சம் தடையல்ல. மூன்றைப் பாருங்கள்: இப்போது அருள்நிலையில் (கனமான பாவம் இல்லாத நிலையில்) இருக்கிறீர்களா, உங்கள் திருமணம் திருச்சபை முன் சரியாக உள்ளதா, நீங்கள் அங்கே நிற்பது நீங்கள் காயப்படுத்திய யாரையாவது மறுபடி காயப்படுத்துமா. மூன்றாவது உண்மையானால் பங்குத்தந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வேறு பணி தருவார். ஊர்ப்பேச்சு மட்டும்தான் என்றால், பயிற்சி வகுப்புக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மூன்றாம் ஆண்டில் குருமடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடவுள் என்னைத் தகுதியற்றவன் என்று சொல்லிவிட்டார் என்றுதானே பொருள்?

குருமடம் சொன்னது 'இந்தப் பணிக்கு, இப்போது, பொருத்தம் காணவில்லை' என்பதுதான். அதைக் கடவுளின் தீர்ப்பாக்காதீர்கள். கெரசேனர் பகுதியில் பேய் நீங்கிய மனிதர், தானும் கூடவே வருகிறேன் என்று இயேசுவிடம் கெஞ்சினார். இயேசு சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய், ஆண்டவர் செய்ததைச் சொல் என்று அனுப்பினார். அந்த மனிதர் தெக்கப்பொலி பகுதி முழுக்கப் போய்ச் சொன்னார் (மாற்கு 5).

இனி நடைமுறை. குருமட அதிபரைச் சந்தித்துக் காரணத்தைத் தெளிவாகக் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். பின்னால் வேறு மறைமாவட்டத்தையோ சபையையோ அணுகினால், நீங்கள் வெளியேறிய காரணம் குறித்துப் பழைய அதிபரின் சான்றை அவர்கள் கேட்டே ஆக வேண்டும். இதை மறைத்து விண்ணப்பித்தவர்கள் இரண்டாம் முறையும் திரும்பி வரவேண்டியதாகிறது. காரணம் படிப்பா, உடல்நலமா, நடத்தையா, அதிகாரத்தோடு உரசலா என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும். முதல் இரண்டுக்கும் காலமும் உதவியும் போதும். பின்னிரண்டுக்கு ஆன்மகுருவோடு ஓர் ஆண்டாவது உட்கார வேண்டியிருக்கும். அதுவரை புதிய விண்ணப்பம் வேண்டாம். படித்த பாடங்களின் மதிப்பெண் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.