பனி தாங்காமல் விழுந்த குருவியா?

அன்புள்ள ஐயா,

அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் தோட்டத்து வீடு. போன வாரம் விடியற்காலையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, குட்டை வால், வாலடியில் ரத்தச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. பனி தாங்காமல் விழுந்துவிட்டது என்றார் அம்மா. வாயில் தண்ணீர் ஊற்றினோம். மதியத்துக்குள் செத்துவிட்டது. வடக்கே பனி கொட்டுவதால்தான் இவை இங்கே வருகின்றனவா? இனி ஒன்று விழுந்தால் என்ன செய்வது?

ச., அழகர்கோவில் பக்கம்

அன்புள்ள ச.,

அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் தெற்கே வரும். சில இலங்கை வரைக்கும் போகும். பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும்.

பனி கொட்டும் உயரத்தில் இது கூடு கட்டுவதில்லை. சருகைப் புரட்டிப் புழுவும் கறையானும் பொறுக்கித் தின்கிற பறவை. வடக்கே மழைக்காலம் முடிந்து மண் காயத் தொடங்கினால் அங்கே இரை குறையும். அந்த நேரத்தில்தான் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் மண் நனைகிறது.

நம் ஊர்ப் பனியும் மேலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தகரக் கூரையும் புல் நுனியும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அவற்றைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே நீராகப் படிகிறது. விடியலில் வாசல் புல் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, வேப்பமரத்தடிச் சருகு காய்ந்தே கிடப்பதைப் பாருங்கள். மரம் போர்வைபோல் மூடியிருப்பதால் அந்த இடம் அவ்வளவு குளிர்வதில்லை. இந்தப் பனிக்கு ஒரு குருவி சாகாது.

ஜன்னலடியில் கிடந்தது என்கிறீர்கள். கண்ணாடியில் மோதியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் பாருங்கள், மங்கலான தூசித் தடமோ ஒட்டிய சிறு இறகோ இருக்கும். இவை இரவில் பறந்து வருபவை. விடிய விடிய எரியும் வாசல் விளக்கு வழியைக் குழப்பும். விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரமென்று நினைத்துப் பாயும்.

இனி ஒன்று விழுந்தால் முதலில் காக்கையையும் பூனையையும் விரட்டுங்கள். மெல்லிய துணியை மேலே போட்டு, நெஞ்சை அழுத்தாமல் எடுங்கள். நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு வரும். செருப்பு அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, பக்கவாட்டில் ஐந்தாறு துளை போட்டு, உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத நிழலில் விடுங்கள். இருட்டுதான் மருந்து. தண்ணீர், பால், சோறு எதுவும் வேண்டாம். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். நல்லெண்ணத்தில் பலரும் செய்கிற தவறு இது, மனம் நோகாதீர்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைப் புதர் ஓரம் கொண்டுபோய்த் திறங்கள். நிமிர்ந்து நின்றால் தானே போய்விடும். அந்தியில் கிடைத்தால் இரவு பெட்டியிலேயே இருக்கட்டும், விடிந்ததும் விடலாம். இறக்கை தொங்கினாலோ, மூன்று மணி நேரமாகியும் எழாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடமோ வனச்சரக அலுவலகத்திலோ சேர்த்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கண்ணாடியின் வெளிப்புறம் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள், மழையில் கரைந்தால் மறுபடி வைக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் மட்டும் பிரதிபலிப்பு போகாது. ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதும் வீண். அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும்.

மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள், அதுதான் இந்தக் குருவியின் சாப்பாட்டுத் தட்டு. குவியலாகப் போட்டால் பாம்பு தங்கும், அந்தப் பயம் நியாயமானது. வாசலிலிருந்து பதினைந்து அடி தள்ளி, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பிவிட்டால் போதும். கண்ணாடி விரியன் சருகு நிறத்திலேயே கிடக்கும், ஆகவே இருட்டில் அந்தப் பக்கம் போனால் டார்ச்சும் கெட்டியான ஷூவும் கட்டாயம். வாசல் விளக்கை மட்டும் பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள், பங்குனி முடிகிறவரைக்குமாவது.